சுமைகூலி முக்கால் பணம்

மார்ச் பிறந்துவிட்டால் நியூஜெர்சித் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "ஸ்பிரிங் பிரேக்குக்கு டிஸ்னி போறோம். ஃபிளைட்டா, டிரைவா?" கேட்டவர் ஃபோனைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "டிரைவ் பண்ணிடுங்க பாஸ். நாலு டிக்கெட் காசு மிச்சம். இஷ்டத்துக்கு நிறுத்திக்கலாம். பசங்க மறக்கவே மாட்டாங்க." மறுத்துப் பேச ஆளிருக்காது. அப்படியே யாராவது விமானம் என்று வாயெடுத்தால், அவருக்குப் பணம் கூடிப்போய்விட்டது, அல்லது ஓட்டத் தெம்பில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

எனக்கு ஓட்டத் தெம்பிருக்கிறது, பணம் கூடிப்போகவில்லை. ஆனாலும் இந்தத் தீர்ப்பு தவறு என்றே சொல்வேன்.

முதலில் தூரம். நியூஜெர்சியின் எடிசனிலிருந்து, டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோவுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியே சுமார் 1,050 மைல், ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலே 1,400 கிலோமீட்டர்தான் ஆகும். அதைவிட நீண்ட பாதையை ஒரு வழிப் பயணமாக, பின்னால் இரண்டு குழந்தைகளைக் கட்டி உட்கார வைத்துக்கொண்டு கடப்பதைத்தான் இங்கே 'லாங் டிரைவ்' என்று கொஞ்சுகிறார்கள். அட்லாண்டாவிலிருந்து போகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை. அவருக்கு 440 மைல். விடிந்து கிளம்பினால் பிற்பகலில் நீச்சல் குளத்தில் இருப்பார். ஷார்லட்காரரும் பிழைத்துப்போகட்டும். நான் பேசுவது நியூஜெர்சி, கனெடிகட், பாஸ்டன்காரர்களைப் பற்றி.

காசு மிச்சம் என்ற வாதத்தின் கணக்கு எப்போதும் பெட்ரோலில் தொடங்கிப் பெட்ரோலிலேயே முடிந்துவிடும். போக வர 2,100 மைல். மினிவேன் கேலனுக்கு 28 மைல் கொடுத்தால் 75 கேலன். விலை 3 டாலர் சொச்சம். ஆகமொத்தம் 235 டாலர். "பாத்தீங்களா? ஒரு ஃபிளைட் டிக்கெட் காசுல நாலு பேரும் போய்ட்டு வந்துடலாம்!" இந்த இடத்தில் கால்குலேட்டரை மூடிவிடுவார்கள். வழியில் தங்கும் மோட்டல், போக ஒரு இரவு, வர ஒரு இரவு, வரியோடு 240 ஆகும். நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து டோல்கள் 50-ஐத் தாண்டும். என்னதான் புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் நான்கு நாள் சாலையோரத்தில் குழந்தைகள் சும்மா இருக்க மாட்டார்கள், அதற்கொரு 150.

கார் தேய்வது யார் கணக்கிலும் வருவதில்லை. அமெரிக்க வருமான வரித்துறை அலுவல் பயணத்துக்கு மைலுக்கு இவ்வளவு என்று கழிவு தருகிறது. 2025-இல் அது 70 சென்ட். பெட்ரோல், டயர், ஆயில், பழுது, காப்பீடு, காரின் மதிப்புக் குறைவு எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் 2,100 மைலுக்கு 1,470 டாலர். இது அநியாயம், காப்பீடு எப்படியும் கட்டத்தானே போகிறோம் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஓட்டினால் மட்டும் ஆகும் செலவை அதே துறை மருத்துவப் பயணத்துக்குத் தனியாகக் கணக்கிட்டு அந்த ஆண்டு 21 சென்ட் தந்தது. அதில் மதிப்புக் குறைவு சேராது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மைலுக்கு 40 சென்ட் என்று நியாயமாகவே வைப்போம்: 840. மோட்டல், டோல், சாப்பாடு சேர்த்தால் 1,280 டாலர்.

விமானத்துக்கு ஆளுக்கு 250 என்றால் நால்வருக்கு ஆயிரம். பெட்டிகளுக்கும் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போய்வரவும் ஒரு 250. சாதாரணக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். காரில் போகிறவரும் சுமைகூலி கொடுக்கத்தான் செய்கிறார். அதை டிக்கெட் என்று யாரும் அச்சடித்துக் கையில் தராததால் கொடுத்தது தெரிவதில்லை.

ஸ்பிரிங் பிரேக்கில் டிக்கெட் 400-க்கு ஏறிவிடுமே என்பார்கள். ஏறும். அப்போது விமானச் செலவு 1,850, கார் 1,280, மிச்சம் 570 டாலர். இதை நான் மறுக்கவில்லை. அந்த 570 டாலரை எதை விற்று வாங்கினோம் என்றுதான் கேட்கிறேன்.

லீவை விற்றுத்தான். சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. கம்பெனி மனம்வைத்துக் கொடுக்கும் பத்து, பதினைந்து நாள்தான் ஆண்டு முழுவதற்கும். அதில் ஊருக்குப் போக ஒதுக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்க வேண்டும். கான்ட்ராக்டராக மணிக்கணக்கில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு இதுவும் இல்லை; வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமே கிடையாது. இப்படி அரிதான நாட்களில் நான்கைச் சாலைக்குக் கொடுக்கிறோம். விமானம் என்றால் போக அரை நாள், வர அரை நாள். வித்தியாசம் மூன்று நாள். 570 டாலரை மூன்றால் வகுத்து, நான்கு பேருக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளின் ஒரு விடுமுறை நாளை ஐம்பது டாலருக்கும் குறைவாக விற்றிருக்கிறோம். அதே ஆள் டிஸ்னி பூங்காவுக்குள் ஒரு நாள் நுழையக் கட்டணம் 2025-இல் 119 டாலரில் தொடங்கி, கூட்டமான நாட்களில் 200-ஐ ஒட்டிப் போனது. நூற்றைம்பதுக்கு ஒரு நாளை வாங்குகிறவர் இன்னொரு நாளை ஐம்பதுக்கு விற்றால், அவருக்குச் சிக்கனக்காரர் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

"சனி, ஞாயிறுலதானே ஓட்டுறோம், லீவு எங்க போச்சு?" என்ற பதில் தயாராக இருக்கும். இரண்டு வார இறுதியும் சேர்த்து விடுமுறை ஒன்பது நாள். அதில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் ஐ-95-க்குப் போனால் மீதி ஐந்து. கடைசி ஞாயிறு நள்ளிரவு வீடு வந்து, திங்கள் காலை ஒன்பது மணி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் மனிதர். துவைக்க வேண்டிய துணி காரிலேயே கிடக்கும்.

மோட்டலும் வேண்டாம், ஒரே மூச்சில் போய்விடுவேன் என்பவர் தனி இனம். காலை நான்குக்குக் கிளம்பி இரவு பத்துக்கு ஆர்லாண்டோ சேர்ந்ததைப் பரணி பாடாத குறையாகச் சொல்வார். அவருக்கு ஒரு தகவல். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, பயணிகள் பேருந்து ஓட்டுநர் எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சரக்கு லாரிக்காரருக்குப் பதினொரு மணி நேரம். எட்டு மணி நேரம் ஓட்டியதும் அரை மணி நேரம் இடைவேளை விட்டே தீர வேண்டும். அதையே தொழிலாகக் கொண்டு, அதற்கென்று உரிமம் வாங்கி, தினமும் ஓட்டுகிறவருக்கு இந்த வரம்பு. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதிவிட்டு, வெள்ளி இரவு பன்னிரண்டு வரை பெட்டி கட்டிவிட்டு, நான்கு மணிக்கு எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும் அப்பாவுக்கு வரம்பே இல்லை. கட்டுமஸ்தான லாரிக்காரர் செய்தால் அபராதம் விழும் காரியத்தை, கண்ணாடி போட்ட சாஃப்ட்வேர்காரர் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்.

பயணத்தில் உயிர் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் வாயைப் பொத்துவார்கள். கணக்குப் பார்க்க அரசாங்கத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அமெரிக்க விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமலே பயணம் செய்யலாம். காரில் இதைச் செய்தால் குற்றம். விமானத்தில் மட்டும் எப்படி? குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005-இல் அதைக் கைவிட்டது. அது சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. இன்னொரு டிக்கெட் வாங்கச் சொன்னால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பினால், இருக்கை கட்டாயத்தால் காப்பாற்றப்படும் குழந்தைகளைவிடச் சாலையில் சாகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். மடியில் கிடக்கும் குழந்தைகூடக் காரைவிட விமானத்தில் பத்திரம் என்று அரசே கணக்குப் போட்டு எடுத்த முடிவு இது.

நடந்து காட்டிய சான்றும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்கு அஞ்சிய அமெரிக்கர்கள் பலர் காருக்கு மாறினார்கள். அடுத்த ஓராண்டில் இந்த மாற்றத்தால் மட்டும் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்தார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கீகெரென்சர் கணித்தார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்த பயணிகளைப் போல் இது பல மடங்கு. சாலையில் இறந்த அவர்கள் யாருடைய பெயரும் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை.

2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்த பிறகு, குழுக்களில் மறுபடி "நான் சொல்லல?" என்று கிளம்பினார்கள். அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்று நொறுங்கி அத்தனை பேரையும் பலிகொண்ட அதற்கு முந்தைய சம்பவம் 2009 பிப்ரவரியில், பஃபலோ அருகே. இடையில் ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள். அமெரிக்கச் சாலைகளில் 2021, 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டும் 40,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தினமும் நூறுக்கு மேல். இன்டர்ஸ்டேட் சாலைகள் மற்ற சாலைகளைவிடப் பத்திரமானவை, உண்மைதான். விமானத்தோடு வைத்துப் பார்க்கிற அளவுக்கு அல்ல.

அடுத்தது சுதந்திரம். நினைத்த இடத்தில் நிறுத்தலாமாம். ஐ-95-இல் நினைத்த இடத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் டிராஃபிக்கில் நிற்கிறவர்கள்தான். வாஷிங்டனுக்கும் ஃபிரெட்ரிக்ஸ்பர்க்குக்கும் இடைப்பட்ட பகுதியை எந்த நேரத்தில் கடந்தால் தப்பலாம் என்பதற்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் பனி கொட்டி அந்தப் பகுதியே உறைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் காருக்குள் கிடந்தார்கள். வர்ஜீனியாவின் செனட்டர் டிம் கேய்ன் அதில் ஒருவர். இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியவர் போய்ச் சேர 27 மணி நேரம் ஆயிற்று. விமானம் தாமதமாகாதா? ஆகும், நெவார்க் அதற்குப் பேர்போன இடம். ஆனால் அங்கே தாமதத்தின்போது கழிப்பறை நடக்கும் தூரத்தில் இருக்கும்.

கழிப்பறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் ஆண்கள் அதைப் பேசுவதே இல்லை. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அத்தையையோ மாமாவையோ நடு இருக்கையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சர்க்கரை இருக்கும், முழங்கால் வலி இருக்கும். அடிக்கடி நிறுத்தச் சொல்லக் கூச்சம். அதனால் அந்த அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். "அத்தை ரொம்ப அட்ஜஸ்டிங், வாயே திறக்கல" என்று மருமகன் பாராட்டுவார்.

அந்தப் புளியோதரை தானாகவா கிளறிக்கொண்டது? வெள்ளி இரவு அதைக் கிளறி, இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, தயிர் சாதத்தை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டல் அறையில் சத்தமில்லாமல் வைக்க ரைஸ் குக்கரைத் துண்டில் சுற்றி எடுத்து வைப்பவருக்கு விடுமுறை எப்போது தொடங்குகிறது? ஓட்டுகிறவர் எட்டு மணி நேரம் ஓட்டினேன் என்று கணக்குச் சொல்வார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அந்த எட்டு மணி நேரமும் பின்னால் திரும்பித் திரும்பி ஊட்டியும், சண்டை விலக்கியும், விழுந்த ஐபேடை எடுத்துக் கொடுத்தும் வந்ததற்குக் கணக்கு கிடையாது. "பிளேன்ல போனா இவ்வளவு சாமான் எடுத்துட்டுப் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. விமானத்தை நான் ஆதரிப்பதற்கு அதுவே ஒரு காரணம்.

குழந்தைகளின் நினைவு என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் செல்லமானது. போகிற வழியே பாதி இன்பம் என்ற வசனத்தை அமெரிக்காவில் ஊரறியச் செய்தது கூனார்ட் என்ற கப்பல் கம்பெனி, 1950-களின் விளம்பரங்களில். அட்லாண்டிக்கைக் கடக்க விமானங்கள் வந்துகொண்டிருந்த காலம். தாமதத்தை விற்க வேண்டியிருந்தது, விற்றார்கள். அவர்களிடம் நடன அரங்கும் வெள்ளித் தட்டில் விருந்தும் இருந்தன, அதனால் பொருத்தமும் இருந்தது. நம்மிடம் இருப்பது வட கரோலினாவின் பைன் மரங்கள், மணிக்கணக்காக. தென் கரோலினா எல்லையில் 'சவுத் ஆஃப் தி பார்டர்' என்ற கடைத்தொகுதி வருவதற்குப் பல மைல்கள் முன்பிருந்தே சாலையோரப் பலகைகள் கூவிக் கூவி அழைக்கும். அதற்காகவாவது குழந்தைகள் தலை நிமிர்வார்களா என்றால், காதில் ஹெட்ஃபோன், கண்ணில் திரை. அமெரிக்கத் தகப்பன்கள் சொல்லும் 'ரோட் டிரிப்' கதைகள் பின் இருக்கையில் ஜன்னலைத் தவிர வேறொன்றும் இல்லாத தலைமுறையின் கதைகள்.

அந்தத் தலைமுறையுமே இதை எப்படி நினைவு வைத்திருக்கிறது என்பதற்கு 1983-இல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' படம் சாட்சி. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் வாலி வேர்ல்டு என்ற கற்பனைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறார் கிளார்க் கிரிஸ்வோல்ட். விமானத்தில் போகலாமே என்ற மனைவியிடம் கூனார்ட்டின் வசனத்தையே சொல்கிறார். வழியில் உடன் வந்த அத்தை இறந்துபோகிறார். பூங்காவை அடைந்தால் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கிறது. அமெரிக்கா நாற்பது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருக்கும் கேலிப்படத்தை நம் ஆட்கள் பயணக் கையேடாக எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே போனபின் கார் வேண்டுமே என்பது கொஞ்சம் கனமான வாதம். விமான நிலையத்திலிருந்து விருந்தினர்களை இலவசமாக அழைத்துப்போன பேருந்து சேவையை டிஸ்னி 2021 முடிவோடு நிறுத்திவிட்டது. அதுமுதல் இந்த வாதத்துக்குப் பலம் கூடியிருக்கிறது. ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் பேருந்து, மோனோரயில், படகு, கம்பிவட ஸ்கைலைனர் எல்லாம் அவர்களுடையவையே; கட்டணம் இல்லை. வெளியே மலிவு விடுதியில் தங்கி, தினமும் காரில் வந்தால் பூங்கா வாசலில் நிறுத்துவதற்கு மட்டும் 2025-இல் நாளுக்கு 30 டாலர். காரைக் கொண்டுபோனவர் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். யுனிவர்சல், கென்னடி விண்வெளி மையம் என்று சுற்றப்போகிறவர் ஆர்லாண்டோவிலேயே இரண்டு நாள் வாடகைக்குக் கார் எடுக்கட்டும்.

"டிஸ்னி வேர்ல்டையே காருக்காகத்தான் கட்டினாங்க" என்று சரித்திரம் பேசுபவரும் ஒருவர் உண்டு. அவர் சொல்வதில் பாதி சரி. 1963 நவம்பரில் வால்ட் டிஸ்னி இடம் தேடி வந்தபோது ஆர்லாண்டோவின் சதுப்பு நிலம் அவர் கண்ணில் பட்டதற்குக் காரணம், ஐ-4-உம் ஃபுளோரிடா டர்ன்பைக்கும் அங்கே சந்தித்ததுதான். ஆனால் அதை அவர் பார்த்தது விமானத்தின் ஜன்னல் வழியே. கலிஃபோர்னியாவிலிருந்து அவர் காரில் வரவில்லை. பக்கத்திலிருந்த மெக்காய் விமானப்படைத் தளம்தான் பின்னர் ஆர்லாண்டோ பன்னாட்டு விமான நிலையமாகியது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் இருக்கும் எம்சிஓ என்ற குறி மெக்காயின் மிச்சம்.

காரை விட்டுப் பிரியவே முடியாது, ஐஸ் பெட்டியும் ரைஸ் குக்கரும் வந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் அமெரிக்கா ஒரு வழி வைத்திருக்கிறது. வர்ஜீனியாவின் லார்ட்டனில் மாலையில் ஆம்ட்ராக்கின் ஆட்டோ டிரெய்னில் காரையும் ஏற்றிவிட்டு நீங்களும் ஏறிப் படுத்தால், மறுநாள் காலை ஆர்லாண்டோவுக்குப் பக்கத்து சான்ஃபோர்டில் இரண்டையும் இறக்கிவிடுவார்கள். மலிவில்லை. ஆனால் யாரும் பதினாறு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதில்லை. அத்தை தண்ணீர் குடிக்கலாம்.

விமானச் சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது; அவர்கள் வசதிப்படி போகட்டும்.

கார்க்காரர்களிடம் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதை அவர்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. நால்வர் நிறைந்து போகும் கார், அந்த நால்வரும் விமானத்தில் போவதைவிடக் குறைந்த கரிப்புகையைத்தான் காற்றில் கலக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. புவி சூடாகிறது, அதனால் காரில் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு வழிவிடுவேன். அப்படியொருவர் இதுவரை குழுவில் தென்படவில்லை. தென்பட்டாலும் அவர் ஆர்லாண்டோவுக்கு வழி கேட்க மாட்டார், பக்கத்து மாநிலத்தில் கூடாரம் போட இடம் கேட்பார்.